39 வயதில் குவாண்டம் கம்ப்யூட்டிங்: ஸ்பின் சங்கிலி படித்த பேராசிரியைக்கு ஒரு பதில்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் இயற்பியல் பேராசிரியை எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி எதுவும் இங்கே வராது. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய இரண்டு மூன்று விவரங்களையும் மாற்றிவிட்டேன். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

வயது 39. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர், பதினோரு ஆண்டு சர்வீஸ். பிஎச்.டி. செய்தது ஸ்பின் சங்கிலிகளில், அதாவது வரிசையாக நிற்கும் குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்ற கணக்கில். ஹைசன்பெர்க் மாடல், அதன் துல்லியமான தீர்வுகள், காந்த அலைகள் என்று முழுக்க முழுக்கத் தாளில் போட்ட கணக்கு. இப்போது வாரம் 18 மணி நேரம் வகுப்பு. எம்.எஸ்சி.யில் குவாண்டம் மெக்கானிக்ஸ் இரண்டு பேப்பரும் இவர் தலையில்தான், அப்புறம் பி.எஸ்சி. லேப், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஃபைல், அட்மிஷன் சீசனில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்குவது. கடைசிக் கட்டுரை வெளிவந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த நிலையில் நிர்வாகம் அடுத்த ஆண்டு முதல் குவாண்டம் டெக்னாலஜியில் ஒரு மைனர் படிப்பு (முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் படிப்பு) தொடங்கப் போகிறது, நீங்கள்தான் பொறுப்பு என்று ஹெச்ஓடி சொல்லிவிட்டார்.

யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. கணவர், வேலையை விட்டுவிட்டு பெங்களூரில் ஏதாவது குவாண்டம் ஸ்டார்ட்அப்பில் சேர் என்கிறார். ஆன்லைன் நிறுவனம் ஒன்று 1,80,000 ரூபாய்க்கு ஆறு மாதச் சான்றிதழும் வேலைக்கு உதவியும் தருவதாகத் தினம் போன் செய்கிறது. சக ஆசிரியர் ஒருவர் இன்னொரு பிஎச்.டி. போடு, அதுதான் முறை என்கிறார். ஆய்வு வழிகாட்டியாக இருந்த பெரியவரோ, இதெல்லாம் ஃபேஷன், பத்து வருடத்தில் அடங்கிவிடும், நீ உன் வேலையைப் பார் என்று முடித்துவிட்டார். கல்லூரி, சேரும்போது வாங்கிய ஒரிஜினல் சான்றிதழ்களை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறது. மைனர் படிப்பை ஏற்றால் மூன்று வருட பாண்டில் கையெழுத்துப் போடவும் சொல்கிறது. கடைசியில் ஒரு வரி: "இத்தனை வருடம் படித்தது வீணா ஐயா, மறுபடி ஒன்றாம் வகுப்பிலிருந்தா?"

அன்புள்ள பேராசிரியருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீணாகவில்லை. உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொல்கிறேன். 2022 டிசம்பரில் கூகுள் குழு நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. 24 க்யூபிட்டுகளை (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) வளையமாக இணைத்து அவர்கள் ஓட்டிப் பார்த்தது எதை? எக்ஸ்எக்ஸ்ஸெட் மாடலை. உங்கள் ஹைசன்பெர்க் சங்கிலியின் பங்காளி அது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பிய ஸ்பின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூட்டமாக நகரும் என்பது 1931ல் ஹான்ஸ் பெத்தே போட்ட கணக்கிலிருந்து வந்தது, நீங்களும் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் நிச்சயம் எழுதியிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தைக் கருவியில் பார்த்தார்கள். அதோடு நிற்காமல், மாடலின் துல்லியத் தீர்வுத் தன்மையை வேண்டுமென்றே கெடுத்தும் பார்த்தார்கள். கூட்டம் உடனே கலைந்துவிடும் என்று எதிர்பார்த்த இடத்தில் அது பிடிவாதமாக நின்றது. ஏன் என்று சொல்ல யாருக்கு வேலை இருக்கிறது? உங்களைப் போன்ற ஆட்களுக்குத்தான். 2024ல் கூகுள் குழுவே 46 க்யூபிட்டில் ஹைசன்பெர்க் சங்கிலியில் காந்தத்தன்மை எப்படிப் பரவுகிறது என்று பார்த்து சயின்ஸ் இதழில் எழுதியது. உங்கள் ஆய்வேட்டின் பொருளடக்கத்துக்கும் இந்தக் கட்டுரைகளுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. வாரம் 18 மணி நேர வகுப்பு நடுவில் உட்கார்ந்து படிக்க விடவில்லை, அவ்வளவுதான்.

குவாண்டம் கம்ப்யூட்டிங் என்பது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களின் சொத்து, நாம் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அது தவறு என்று சொல்லத் தயக்கமே இல்லை. 1981ல் இந்த யோசனையைப் பெரிய மேடையில் பேசியவர் ஃபைன்மன். இயற்கையைக் கணினியில் பாவிக்க (சிமுலேட் செய்ய) வேண்டுமென்றால் அந்தக் கணினியே குவாண்டமாக இருக்கட்டும் என்பது ஓர் இயற்பியல்காரரின் ஆதங்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பெரிதாக உள்ளே வந்தது 1994ல் பீட்டர் ஷோர் எண்களைக் காரணிப்படுத்தும் வழிமுறையைக் கண்டுபிடித்த பிறகு. அதைக் கேள்விப்பட்டுத் தன் பாதையைத் திருப்பிக்கொண்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்து ஜான் பிரெஸ்கில். துகள் இயற்பியல், பிரபஞ்சவியல் என்று பெயர் வாங்கியிருந்தவர், அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். வயதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இதுவே பதில்.

அவர் எப்படித் திரும்பினார் என்பதுதான் உங்களுக்கு இன்னும் பயன்படும். ஒன்று, பாடம் நடத்தினார். 1997-98ல் குவாண்டம் கம்ப்யூட்டேஷன் என்று ஒரு கோர்ஸ் தொடங்கி, அதற்காக எழுதிய குறிப்புகளை இலவசமாக இணையத்தில் போட்டார்; இன்றைக்கும் உலகம் முழுக்க மாணவர்கள் அதைத்தான் இறக்கிப் படிக்கிறார்கள். இரண்டு, பழைய கேள்வியைக் கைவிடவில்லை. கருந்துளைக்குள் போன தகவல் என்ன ஆகிறது என்பது அவருடைய பழைய கேள்வி, அதற்காக ஸ்டீபன் ஹாக்கிங்கோடு 1997ல் பந்தயமே கட்டியவர். பத்து வருடம் கழித்து, 2007ல், பேட்ரிக் ஹேடனோடு சேர்ந்து அந்தக் கேள்விக்கே குவாண்டம் தகவலியலின் கருவிகளை வைத்துப் புது விடை எழுதினார். இங்கே நம் பக்கத்திலும் ஆள் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் அபூர்வா படேல் துகள் இயற்பியலின் லாட்டிஸ் கேஜ் தியரியிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்.

சரி, பிரெஸ்கில் கால்டெக்கில் நிரந்தரப் பேராசிரியர், நமக்கு நாக் ஃபைல். அந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. அதனால் உங்கள் நிலைமைக்கு என்ன முடியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கைடு சொன்னதில் பாதி சரி

பெரியவர் கோபப்படுவது விளம்பரத்தைப் பார்த்து. அதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. ஐந்து வருடத்தில் சாதாரணக் கணினியெல்லாம் போய்விடும், அப்புறம் நம் துறைக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் எழுதியிருப்பது அந்த விளம்பரத்தின் பாதிப்பு. அப்படி ஒன்றும் நடக்கப் போவதில்லை. சில வகைக் கணக்குகளுக்கு மட்டுமே இந்தக் கருவி, மீதிக்கு உங்கள் மேஜையில் இருக்கும் லேப்டாப்தான். இணையத் தகவலைக் காக்கும் 2048 பிட் ஆர்எஸ்ஏ பூட்டை உடைக்க இரண்டு கோடி க்யூபிட் வேண்டும் என்று 2019ல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெராவும் மதிப்பிட்டார்கள். 2025ல் கிட்னியே அதைப் பத்து லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்தார், பெரிய பாய்ச்சல்தான். ஆனால் இன்றைக்குக் கையில் இருக்கும் நல்ல கருவிகள் நூற்றுச் சொச்சம் க்யூபிட். கூகுளின் வில்லோ சிப்பில் 105. அந்த சிப்பின் பெருமையே வேறு: பிழை திருத்தும் குறியீட்டின் அளவைக் கூட்டக் கூட்டப் பிழை குறைகிறது என்று 2024ல் அது காட்டியது. அதுவரை பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடந்துகொண்டிருந்தது, க்யூபிட்டைக் கூட்டினால் பிழையும் கூடும்.

பெரியவர் விட்ட மீதிப் பாதி இது. 2023 ஜூனில் ஐபிஎம் 127 க்யூபிட்டில் ஐசிங் மாடல் என்ற இன்னொரு ஸ்பின் கணக்கை ஓட்டி, இது சாதாரணக் கணினியின் எல்லைக்கு வெளியே என்ற தொனியில் நேச்சரில் வெளியிட்டது. சில வாரங்களுக்குள் டென்சர் நெட்வொர்க் என்ற கணக்கு முறை தெரிந்த தியரிக்காரர்கள் அதே விடையைச் சாதாரணக் கணினியில் எடுத்துக் காட்டிவிட்டார்கள். யார் சொல்வது மெய், எது ஜம்பம் என்று தரம் பார்க்கப் பல துகள்கள் சேர்ந்து நடந்துகொள்வதைப் படிக்கும் இயற்பியல் (மெனி-பாடி) தெரிந்த ஆள் வேண்டும். ஃபேஷன் அடங்கினாலும் அந்த வேலை அடங்காது. இந்திய அரசும் 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கி 2031 வரை திட்டம் போட்டிருக்கிறது. கம்ப்யூட்டிங் மையம் பெங்களூரு ஐஐஎஸ்சியில், தகவல் தொடர்பு மையம் சென்னை ஐஐடியில். பணம் வருகிற இடத்தில் கூச்சலும் வரும். நீங்கள் கூச்சலுக்குப் போக வேண்டாம், கணக்குக்குப் போங்கள்.

நாலு ஸ்பின்னில் தொடங்குங்கள்

பைத்தான் தெரியாது, இருபது வயதுப் பையன்களோடு போட்டி போட முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டி அங்கே இல்லை. உங்களுக்கு வேண்டிய அளவு பைத்தான் ஒரு செமஸ்டர் விடுமுறையில் வந்துவிடும். பெரிய கருவியும் வேண்டாம். 30 க்யூபிட்டின் நிலையை முழுதாகச் சேமிக்க 16 ஜிபி நினைவகம் போதும், அதாவது இருபது இருபத்தைந்து க்யூபிட் வரை கல்லூரி லேபில் கிடக்கும் கணினியிலேயே பாவிக்கலாம். நிஜக் கருவி வேண்டுமென்றால் ஐபிஎம் 2016லிருந்தே மேகக்கணினி வழியாகத் திறந்துவிட்டிருக்கிறது, இலவசக் கணக்கில் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

முதல் வேலையாக இதைச் செய்து பாருங்கள். நாலு ஸ்பின், திறந்த ஹைசன்பெர்க் சங்கிலி, மூன்று பிணைப்பு. முதல் ஸ்பின்னை மட்டும் திருப்பிவிட்டு நேரத்தை ஓடவிடுங்கள். ஒற்றைத் திருப்பம் உள்ள பகுதி வெறும் 4×4 அணி, விடையை நீங்கள் தாளிலேயே எடுத்துவிடுவீர்கள், காந்த அலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவது அதில் தெரியும். இப்போது அதையே சர்க்யூட்டாக எழுதுங்கள். நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் பிணைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவது ட்ராட்டர் முறை. ஒரு ஹைசன்பெர்க் பிணைப்புக்கு மூன்று சிநாட் கேட் (இரண்டு க்யூபிட்டைச் சேர்த்து இயக்கும் அடிப்படைப் படி) ஆகும். பத்துத் துண்டு, மூன்று பிணைப்பு, மூன்று சிநாட்: மொத்தம் 90. கேட் ஒன்றுக்கு 0.5 சதவீதம் பிழை என்று வைத்துக்கொண்டால், ஒரு பிழையும் படாமல் கடைசிவரை போகிற வாய்ப்பு 64 சதவீதம்தான். நாலே நாலு ஸ்பின்னுக்கு இந்தக் கதி!

இனிமேல்தான் உங்கள் ஆட்டம். மொத்த ஸ்பின்னின் ஸெட் கூறு மாறாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு ஸ்பின் திரும்பிய நிலையில் ஆரம்பித்தால் எப்போது அளந்தாலும் ஒன்றுதான் திரும்பியிருக்க வேண்டும். நாலு க்யூபிட்டை அளந்தால் வரக்கூடிய விடைகள் 16, அதில் அனுமதி உள்ளவை 4. மீதி 12ல் எது வந்தாலும் அது கருவியின் பிழை. இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள்: ட்ராட்டர் முறையிலும் தோராயப் பிழை உண்டு, ஆனால் ஒவ்வொரு பிணைப்பும் தனித்தனியாகவே அந்தக் கூறைக் காப்பாற்றுவதால், எவ்வளவு முரட்டுத்தனமாகத் துண்டு போட்டாலும் அந்த 12 விடைகள் வராது. ஆகவே அந்த எண்ணிக்கை சுத்தமாகக் கருவியின் இரைச்சலை மட்டும் அளக்கிறது. தடைபட்ட விடைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை வைத்து வரைபடம் போட்டால் காந்த அலை முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். கட்டப் பிழை (ஃபேஸ் எரர்) இதில் மாட்டாது, ஒன்றையொன்று ஈடுகட்டும் இரட்டைத் திருப்பமும் மாட்டாது. அவற்றுக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால், அங்கே ஆய்வுக்கான கேள்வி இருக்கிறது. காப்பு விதியை வைத்துப் பிழை பிடிப்பது இன்று நிஜமாகவே பயன்படுத்தப்படும் உத்தி. பைத்தானில் புலியான பையனுக்கு ஐந்து நிமிடத்தில் சர்க்யூட் எழுத வரும். எந்த 12 விடையை நம்பக் கூடாது என்று அவனுக்கு யார் சொல்வது?

1,80,000 ரூபாயும் இன்னொரு பிஎச்.டி.யும்

அந்தச் சான்றிதழை வாங்காதீர்கள். ஆசிரியர் தேர்வுக் குழுக்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஏற்கெனவே பிஎச்.டி. உள்ள இயற்பியல்காரர் அப்படி ஒரு சான்றிதழைக் காட்டினால் அதற்காக ஒருவரும் நிமிர்ந்து உட்கார்வதில்லை, மேலே சொன்ன மாதிரி ஒரு கணக்கைச் செய்து நாலு பக்கம் எழுதிக் கொண்டுவந்தால் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் சொல்லிக்கொடுப்பதெல்லாம் என்பிடெல், ஸ்வயம் பாடங்களில் கிடக்கிறது. பரீட்சை எழுதினால்தான் சின்னக் கட்டணம். "வேலைக்கு உதவி" என்பதை எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள், போன் வருவது நின்றுவிடும்.

இரண்டாவது பிஎச்.டி.யும் வேண்டாம். ஆராய்ச்சி செய்யத் தெரியும் என்று நிரூபிக்கத்தான் முதல் பட்டம், அதை மறுபடி நிரூபிக்க ஐந்து வருடம் எதற்கு? உங்களுக்கு இல்லாதது பட்டம் இல்லை, பேசுவதற்கு ஆள். அதற்கு வழிகள் இருக்கின்றன. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகை மாணவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், கல்லூரி ஆசிரியர்களுக்கும் உண்டு. இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வு நிறுவனத்தில் போய் உட்காரலாம். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் குவாண்டம் தகவலியலுக்குப் பழைய பரம்பரையே இருக்கிறது. தொடர் மாறிகளுக்கான பின்னல் நிலைச் சோதனையை (இரண்டு அமைப்புகள் குவாண்டம் முறையில் பின்னிக் கிடக்கின்றனவா என்று பார்ப்பது) 2000ல் எழுதிய ஆர். சைமன் அங்கே இருந்தவர்தான். கல்லூரி வேலையில் இருந்துகொண்டே பெரிய நிறுவனத்தில் பகுதிநேரமாக ஆய்வு செய்ய, மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியமான ஸெர்ப் 'டேர்' என்ற திட்டத்தை நடத்தியது, தனியார் கல்லூரி ஆசிரியர்களும் அதில் சேர முடிந்தது. ஸெர்ப்பின் இடத்தில் இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அதன் இணையதளத்தை மாதம் ஒருமுறை பார்த்து வையுங்கள். யூஜிசியின் 2018 விதிமுறைகளில் படிப்பு விடுப்பும் இருக்கிறது. சுயநிதிக் கல்லூரியில் சம்பளத்தோடு அது கிடைப்பது அபூர்வம் என்றாலும் எழுத்தில் கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

ராஜினாமா, பாண்டு, ஒரிஜினல்

கணவரின் யோசனையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, தள்ளிப்போடச் சொல்கிறேன். குவாண்டம் கம்பெனிகள் ஆள் எடுக்கின்றன, உண்மை. யாரை என்று பாருங்கள்: மைக்ரோவேவ் எலெக்ட்ரானிக்ஸ், மைனஸ் 273 டிகிரியை ஒட்டிய குளிர்ப்பெட்டி, கன்ட்ரோல் மென்பொருள், பிழைத்திருத்தக் கோட்பாடு. கடைசியில் உள்ளதுதான் உங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது. அதற்குப் போகும் ஆளிடம் அந்தத் துறையில் ஒன்றிரண்டு கட்டுரையாவது, வெளியில் காட்டக்கூடிய கோடாவது இருக்கும். கையில் அது இல்லாமல், நான்கு வருட இடைவெளியோடு, வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் பெயர்த்துக்கொண்டு பெங்களூர் போவதற்கு இப்போது என்ன அவசரம்? இரண்டு வருடம் கழித்து இதே கேள்வியைக் கேளுங்கள், அப்போது என் பதில் வேறாக இருக்கலாம்.

பாண்டு விஷயத்தில் உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது, போட்டுவிடு" என்று, அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். நிற்கும். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் மூன்று வருடத்துக்குள் விலகியவர் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொல்லிவிட்டது. அது பொதுத்துறை, உங்களுடையது தனியார், சூழ்நிலை வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் எழுதிய தொகைக்குள் நியாயமான இழப்பீடுதான் என்கிறது. ஆனாலும் வழக்கு, வாய்தா என்று அலையப் போவது நீங்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: இந்த மூன்று வருடத்துக்குப் பதிலாகக் கல்லூரி எனக்கு என்ன செலவு செய்கிறது? பயிற்சிக்கு அனுப்புகிறதா, வகுப்பு நேரத்தைக் குறைக்கிறதா? ஒன்றுமே இல்லையென்றால் எதற்கு பாண்டு என்று மரியாதையாக எழுத்தில் கேட்கலாம். 18 மணி நேரத்தை 14 ஆக்கினால் போடுகிறேன் என்று பேரமும் பேசலாம். எனக்கென்னவோ அவர்கள் இறங்கி வருவார்கள் என்றுதான் படுகிறது, ஏனென்றால் அந்தப் படிப்புக்கு அவர்களிடம் வேறு ஆள் இல்லை.

ஒரிஜினல் சான்றிதழ்கள் தனி விஷயம். அவற்றைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை. கல்விச் சான்றிதழ் விற்கிற சரக்கு இல்லை, அதன்மேல் பிணை உரிமை கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ராஜினாமாவோடு சேர்த்துக் கேட்டால் சண்டையாகும். இப்போதே, சமாதானமாக இருக்கும் காலத்தில், பாஸ்போர்ட்டுக்கு வேண்டும், கோடைகால உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று காரணம் எழுதி, கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால் அந்த நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நான் இயற்பியல்காரன், இந்தப் பத்திக்கு மேல் எனக்குச் சட்டம் தெரியாது.

மைனர் படிப்பை விட்டுவிடாதீர்கள்

உங்கள் கடிதத்தில் இதைத்தான் பெரிய சுமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் இருப்பதிலேயே நல்ல செய்தி. வகுப்புக்குத் தயார் செய்கிற நேரமும் நீங்கள் புதிதாகப் படிக்கிற நேரமும் ஒன்றாகிவிடும், வாரம் 18 மணி நேரம் உள்ளவருக்கு வேறு வழியில் அந்த நேரம் கிடைக்காது.

2024 டிசம்பரில் ஏஐசிடிஇயும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இளநிலை மாணவர்களுக்கான மைனர் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டன. பொறியியல் கல்லூரிகளை மனதில் வைத்தது, அப்படியே எடுத்துப் போர்டு ஆஃப் ஸ்டடீஸில் வைத்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி வெட்டுங்கள். எம்.எஸ்சி.க்கு நடத்துகிற வழக்கத்தில் அலைச் சமன்பாடு, பெட்டிக்குள் துகள், ஹைட்ரஜன் அணு என்று ஆரம்பிக்க வேண்டாம். நேராக இரண்டு நிலை அமைப்பு. ஒரு ஸ்பின், ஸ்டெர்ன்-கெர்லாக், 2×2 அணி, அப்புறம் இரண்டு ஸ்பின், பின்னல் நிலை. 2022ல் ஆஸ்பெ, கிளவுசர், ஸைலிங்கர் மூவருக்கும் நோபல் வாங்கித் தந்த பெல் சோதனையை மூன்றாவது வாரத்திலேயே பிள்ளைகள் தங்கள் கையால் கணக்குப் போட்டுவிடலாம்.

அடர்த்தி அணிக்கு (இரைச்சல் கலந்த நிலையையும் எழுத உதவும் டென்சிட்டி மேட்ரிக்ஸ்) நேரம் ஒதுக்குங்கள். நம் ஊர் சிலபஸ்களில் அது பெரும்பாலும் கடைசி யூனிட்டின் கடைசித் தலைப்பாக இருக்கும், நாள் போதவில்லை என்று விட்டுவிடுவோம். இரைச்சல் உள்ள கருவியைப் பற்றி ஒரு வாக்கியம் பேச வேண்டுமென்றாலும் அது இல்லாமல் முடியாது. இதற்கு நம்மிடம் ஒரு கதையும் இருக்கிறது, வகுப்பில் சொல்லுங்கள். ஒரு குவாண்டம் அமைப்பின் அடர்த்தி அணி வெளி உலகத்தோடு உரசும்போது பொதுவாக எப்படியெல்லாம் மாற முடியும் என்பதை 1961லேயே சுதர்சன், பி.எம். மேத்யூஸ், ஜெயசீதா ராவ் மூவரும் எழுதிவிட்டார்கள். சுதர்சன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி மாணவர், பின்னாளில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். மேத்யூஸ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு பேராசிரியராக இருந்தவர். க்யூபிட்டின் இரைச்சலைப் பற்றி இன்று பேசும்போது வருகிற குவாண்டம் சேனல் என்ற கருத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. கணினியில் ஒரு க்யூபிட்கூட இல்லாத காலம்.

இன்னொன்று, லேப். அந்த நாலு ஸ்பின் கணக்கையே எம்.எஸ்சி. புராஜெக்டாகக் கொடுங்கள். ஒருவர் தாளில் விடை, ஒருவர் பாவனை, ஒருவர் நிஜக் கருவி, மூன்று வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடட்டும். அப்புறம் ஆறு ஸ்பின், எட்டு ஸ்பின், பெத்தேயின் கூட்டம். இரண்டு வருடத்தில் இதிலிருந்து உங்கள் பெயரில் ஒரு கட்டுரை வரும் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டுரையின் தலைப்பில் ஸ்பின் சங்கிலி இருக்கும், பெரியவருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்.

மாணவர்கள் "குவாண்டம் எடுத்தா வேலை கிடைக்குமா மேம்?" என்று கேட்கிறார்கள், என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். மைனர் படிப்பை மட்டும் நம்பி வேலை கிடைக்காது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், அட்மிஷன் நோட்டீஸில் நிர்வாகம் வேறு மாதிரி அச்சடித்தாலும் சரி. லீனியர் அல்ஜீப்ரா, பைத்தான், கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ் இந்த மூன்றும் கைக்கு வந்தால் குவாண்டம் கம்பெனி எடுக்காவிட்டாலும் செமிகண்டக்டர், டேட்டா, மருத்துவக் கருவி என்று எங்காவது எடுப்பார்கள். மேலே படிக்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால் ஜாம், ஜெஸ்ட், கேட் தேர்வுகளின் கடைசித் தேதியை உங்கள் அறைக் கதவில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு வருடமும் தெரியாமலே தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.